என்னங்க என்பவர்

கார் பேச்சை நிறுத்திய அன்று சுப்பையா ஜெலுத்தோங் பாசாருக்கு மீன் வாங்கப் புறப்பட்டிருந்தார். பொத்தானை அழுத்தினார். பக்கத்து இருக்கைக்கு அடியில் டப்பென்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. இஞ்சின் ஓடியது. விளக்குகள் எரிந்தன. பெல்ட் போடாமல் காத்திருந்தார்.

வழக்கமாக இந்நேரம், "என்னங்க, பெல்ட்டு" என்று கேட்டிருக்கும்.

கதவை அரைகுறையாகச் சாத்திப் பார்த்தார். காரைப் பின்னால் எடுத்துத் தூணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "என்னங்க, பின்னால சுவரு" வரவில்லை. மீன் வாங்காமல் மாடியேறிவிட்டார்.

மனைவி குணவதி மாசி மாதம் இறந்துபோனாள். காருக்கு அது தெரியாது.

புதுக் கார் வாங்கியபோது 'குடும்பக் குரல்' என்று ஒரு வசதி கொடுத்தார்கள். வீட்டில் ஒருவர் நாலைந்து வாக்கியம் பேசிக் கொடுத்தால் போதும், எச்சரிக்கையெல்லாம் அந்தக் குரலிலேயே வரும். குணவதிதான் பேசினாள். காரும் அவள் பேரில்தான். சுப்பையாவுக்கு ஏழரைச் சனி, அவர் பேரில் இரும்பு வாங்கக்கூடாது என்று கோயில் ஐயர் சொல்லியிருந்தார். காரைக் காடி என்கிற கடைக்காரப் பையன் குரல் அனுமதி கேட்டான். "உங்களுக்கு அடுத்து காடிய யாரு பாத்துக்குவாங்க? அவங்க பேரச் சொல்லுங்க ஆன்ட்டி." அவள் கைப்பையால் வாயை மறைத்துக்கொண்டாள். "இவரு பேர நான் எப்படி லா சொல்றது?" "அப்ப நீங்க கூப்பிடறதையே சொல்லுங்க." "என்னங்க," என்றாள் அவள். பச்சை விளக்கு எரிந்தது. பையன் கைகுலுக்கினான்.

அதற்கப்புறம் காரில் இரண்டு குணவதிகள் வந்தார்கள். பக்கத்தில் ஒருத்தி, இருக்கைக்கு அடியில் ஒருத்தி. இரண்டு பேரும் கூப்பிடுவார்கள். சுப்பையா வானொலிச் செய்தி கேட்டுக்கொண்டு ஓட்டுவார். முதல் கூப்பாட்டுக்கு அவர் வாய் திறக்கிற வழக்கமில்லை. இரண்டாவதுக்கும் இல்லை. மூன்றாவதுக்கு "ம்" என்பார். வீட்டிலும் அப்படித்தான். எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்பது அவர் நினைப்பு.

மாசிக்கு அப்புறம் ஒரு குணவதிதான். சுப்பையா பெல்ட் போடுவதை விட்டார். கதவைச் சரியாகச் சாத்துவதை விட்டார். ஆயுளில் ஒரு சம்மான், அபராதச் சீட்டு வாங்காத மனுஷர், கடலோர விரைவுச்சாலையில் வேண்டுமென்றே வேகமாகப் போனார். "என்னங்க, மெதுவா லா" என்று அவள் சொன்னதும் வேகத்தைக் குறைத்தார். சம்மான் வந்தது. கட்டினார். மறுபடி போனார்.

கார் ஊமையானதும் மகள் பிரமிளா தன் கைப்பேசியைத் துழாவிப் பார்த்தாள். அம்மா பேசி அனுப்பிய செய்திகள் நிறைய இருந்தன. எல்லாம் மகளுக்கு வந்தவை. "அப்பாகிட்டயும் சொல்லிடு" என்று முடிகிறவை. ஒரே வீட்டில் இருக்கிற புருஷனுக்கு யார் குரல் செய்தி அனுப்புவார்கள்? அவரைக் கூப்பிடுகிற குரல் காரில் மட்டும்தான் இருந்தது.

ஜாலான் பேராக்கில் இக்மலின் கார் ஆடியோ கடை. இக்மல் மாமாக் பையன், தமிழ் முஸ்லிம். மலாயில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பான். இருக்கைக்கு அடியிலிருந்து ஆம்ப்ளிஃபையரைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"அலாமாக். ஆம்ப் போச்சுண்ணே. உள்ள கருகிக் கெடக்கு. மோந்து பாருங்க."

சுப்பையா மோந்து பார்த்தார். அடிபிடித்த வாடை.

"அவ குரலும் எரிஞ்சிருச்சா?"

"இல்லண்ணே. இது சத்தத்தப் பெருசாக்குற சாமான், அவ்ளோதான். குரலு மேல இருக்கு." கையை உயர்த்திக் காட்டினான்.

சுப்பையா நிமிர்ந்து பார்த்தார். கூரையில் ஒரு பல்லி இருந்தது.

"மேலன்னா?"

"செயின்லண்ணே. பிளாக்செயின். ஒங்க காடி பேசுறது, போறது, பிரேக் அடிக்கிறது, எல்லாத்தையும் ஒரே ஆளுகிட்ட வைக்க மாட்டாங்க. சேந்திருக்கிற கம்பெனிக்கெல்லாம் ஒண்ணொண்ணு. ஒருத்தன் மாத்தி எழுதுனா மத்தவன் காட்டிக் குடுத்துருவான். யாரும் யாரையும் நம்ப வேணாம்."

"நம்பாதவங்க கிட்ட எதுக்குப்பா குடுத்தோம்?"

"அதான் எனக்கும் புரியல லா."

புது ஆம்ப்ளிஃபையர் பொருத்தினான். கார் பேசியது. யாரோ ஒரு பெண், சுத்தமான மலாயில், "செலாமாட் பாகி, புவான் குணவதி" என்று காலை வணக்கம் சொன்னாள். சுப்பையா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டார்.

"புது ஆம்ப் போட்டதும் காடியும் புதுசுன்னு நெனைச்சிருச்சு. பழைய குரலு எறங்கணும்னா ஓனர் வந்து சொல்லணும்ங்குது," என்றான் இக்மல். "பீச் ஸ்திரீட்ல அவங்க ஆபீஸ் இருக்கு. நேரா போய்க் கேளுங்கண்ணே. செத்தவங்க குரலு. குடுக்காமயா போவாங்க?"

இணைப்பு வாகனத் தரவுப் பகிர்வுக் கூட்டமைப்பின் அலுவலகம் ஒரு பழைய வங்கிக் கட்டடத்தில் இருந்தது. வாசலில் பொன்னெழுத்து: உங்கள் தரவு உங்களுடையதே. உள்ளே போக அடையாள அட்டை, கைரேகை, முகப்படம், பிடித்த உணவு ஆகியவற்றைக் கொடுக்க வேண்டியிருந்தது.

கூடத்தில் எல்லாரும் குளிராடை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குளிரூட்டியைக் கொஞ்சம் குறைக்கலாம் என்ற தீர்மானம் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. கூட்டமைப்பில் எதையும் தனி ஆள் முடிவு செய்ய முடியாது. உறுப்பினர் நிறுவனங்கள் எல்லாம் தத்தம் இடத்தில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். கடைசி ஆள் அழுத்தியதும் கூரையில் தொங்கும் வெண்கல மணி தானாக அடிக்கும். அதுவரை யாரும் குளிரூட்டியைத் தொடக்கூடாது.

"டயர் கம்பெனி இன்னும் அழுத்தல," என்று பக்கத்திலிருந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "அவங்கதான் எப்பவும் லேட்டு."

சுப்பையாவைக் கூப்பிட்டவள் காமினி. நிபோங் திபால் பெண். கழுத்தில் இரண்டு சால்வை.

"சொல்லுங்க அங்கிள். காடி ஓனர் வந்திருக்காங்களா?"

"செத்துப் போயிட்டாம்மா."

"ஐயோ. சாரி அங்கிள்." உண்மையாகவே முகம் வாடினாள். பிறகு திரையைப் பார்த்தாள். "அவங்க எப்ப வர முடியும்?"

சுப்பையா சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"எனக்குப் புரியுது அங்கிள். சிஸ்டத்துக்குப் புரியாது. செயின்ல எதையும் அழிக்க முடியாது, சேக்கத்தான் முடியும். அவங்க இறந்துட்டாங்கன்னு சேக்கலாம். ஆனா அதை அவங்களேதான் சொல்லணும், அவங்க குரல்ல."

"எறப்புப் பத்திரம் இருக்கே."

"அது அரசாங்கம் குடுத்தது அங்கிள். அரசாங்கம் ஒரே ஆளு. நாங்க ஒரே ஆள நம்ப மாட்டோம்."

சுப்பையா நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "ஏம்மா, இப்ப அந்தக் குரலு யாருகிட்டத்தான் இருக்கு?"

காமினி வாசித்தாள். காப்புறுதி. டோல். பார்க்கிங். பெட்ரோல். டயர். கார் கழுவுகிறவர்கள். பொரித்த கோழி.

"கோழிக்காரனுக்கு எதுக்கு என் பொஞ்சாதி குரலு?"

"பசி நேரம் கண்டுபிடிக்க அங்கிள். ஆளு குரல்ல சோர்வு தெரிஞ்சா பக்கத்துக் கடைய ஸ்க்ரீன்ல காட்டுவாங்க."

"அத்தன பேருகிட்ட இருக்கு. எனக்கு ஒண்ணு குடுத்தா என்ன?"

"நீங்க மெம்பர் இல்லையே அங்கிள்."

அவள் மனசு கேட்காமல் இன்னும் கொஞ்சம் தேடினாள். திடீரென்று நிமிர்ந்தாள். "இருங்க, இருங்க. ஆன்ட்டி வாரிசு சொல்லியிருக்காங்க! அந்த ஆளு வந்தா குடுத்துடலாம். அவரு பேரு..." திரையை நெருங்கினாள். "திரு. என்னங்க."

"நான்தாம்மா அது."

"நீங்க சுப்பையான்னு சொன்னீங்க?"

"அவ என்னை அப்படித்தாம்மா கூப்பிடுவா."

காமினிக்குத் தெரியாமலில்லை. அவள் அம்மாவும் அப்படித்தான் கூப்பிடுவாள். ஆனால் அது திரையில் இல்லை.

"நீங்கதான் என்னங்கன்னு யாராவது சொல்ல முடியுமா அங்கிள்?"

"சொல்லக்கூடியவ அவ ஒருத்திதான்."

மணி அடித்தது. டயர் கம்பெனி அழுத்திவிட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். குளிரூட்டியைக் குறைக்க ஒருவர் எழுந்தார். அப்போது அலுவலக நேரம் முடிந்துவிட்டது.

சத்தியப் பிரமாண ஆணையரிடம் போகச் சொன்னார்கள். போனார். ஆணையர் வாசித்துப் பார்த்தார். 'சுப்பையா ஆகிய நானே என்னங்க என்று உளமார உறுதி கூறுகிறேன்.' கண்ணாடியைக் கழற்றினார்.

"நானும்தான் என்னங்க," என்றார். "எங்க வீட்டுல."

"அப்ப நீங்க கையெழுத்துப் போட மாட்டீங்களா?"

"போடறேன். ஆனா மனசு ஒரு மாதிரியா இருக்கு லா. என் பேர இன்னொருத்தருக்கு எழுதித் தர்ற மாதிரி."

பிரமாணப் பத்திரத்தைக் காமினி செயினில் ஏற்றினாள். அதன்பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கூட்டமைப்பின் பதிவுகளில் என்னங்க ஏற்கெனவே பெரிய ஆள்.

புக்கிட் மெர்தாஜாம், பத்து காவான், ஆயர் ஈத்தாம், எங்கெல்லாம் தமிழ்ப் பெண்கள் பேரில் கார் இருந்ததோ, அங்கெல்லாம் வாரிசு என்னங்கதான். ஒரே பேர் என்றால் ஒரே ஆள் என்பது செயினின் துணிபு. அதன் கணக்கில் என்னங்க என்பவர் ஒரே காலைநேரத்தில் மாநிலமெங்கும் நூற்றுக்கணக்கான கார்களை ஓட்டுகிறார். தூங்குவதில்லை. கடற்பாலத்தில் இரண்டு திசையிலும் ஒரே சமயத்தில் போகிறார். காப்புறுதிக்காரர்கள் அவரை மகா ஆபத்தான ஓட்டுநர் என்று குறித்து வைத்திருந்தார்கள். டயர் கம்பெனி அவரை ஆண்டின் சிறந்த வாடிக்கையாளராகத் தேர்ந்தெடுத்து மேடையில் நாற்காலி போட்டுக் காத்திருந்தது. கோழிக்கடை அவருடைய பிறந்தநாள் தெரியாததால் தினமும் வாழ்த்து அனுப்பியது.

சுப்பையா பிரமாணம் செய்து வைத்ததால் எல்லாம் அவர் தலையில் விழுந்தது. வீட்டுக்குக் கோழிச் சீட்டுகள் வந்தன. டயர் கம்பெனிக்காரர்கள் சால்வையோடு வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். "இவ்ளோ டயர் தேச்சிருக்கீங்களே சார், எப்படி?" என்று ஒருவர் பணிவாகக் கேட்டார். முன்பின் தெரியாத ஒரு பெண்மணி நிபோங் திபாலிலிருந்து கூப்பிட்டாள். தன் புருஷன் ஏறினால் கார் "சுப்பையா, வணக்கம்" என்கிறதாம். "அந்தாளு எங்க போறாருன்னு ஒங்களுக்குத் தெரியுதா அண்ணே? தெரிஞ்சா எனக்கும் கொஞ்சம் சொல்லுங்க," என்றாள்.

சுப்பையா எல்லாரிடமும் ஒன்றையே கேட்டார். அந்தக் குரல் எப்போது கிடைக்கும்? அது வேறு பிரிவு என்றார்கள்.

பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு மண்டபத்தில் கூட்டமைப்பு கண்காட்சி நடத்தியது. பேர் 'நகரும் நம்பிக்கை'. என்னங்க என்ற முறையில் சுப்பையாவுக்கும் அழைப்பு வந்தது. பிரமிளா கூட்டிப் போனாள்.

மேடையின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஒலிபெருக்கிகள். அவற்றுக்குப் பின்னால் அடுக்கடுக்காக ஆம்ப்ளிஃபையர்கள், ஒவ்வொன்றிலும் நீல விளக்கு. கூட்டமைப்பின் தலைவர், டத்தோ பட்டம் வாங்கிய பழனியப்பன் பேசினார். வெள்ளைத் தலை, அழகான குரல்.

"நாங்கள் யாரையும் நம்புவதில்லை. அதனால்தான் மக்கள் எங்களை நம்புகிறார்கள். பலர் கேட்கிறார்கள், டத்தோ, எங்கள் தரவு யாருக்குச் சொந்தம் என்று. உங்களுக்குத்தான். ஆனால் உங்கள் கையில் கொடுத்தால் தொலைத்துவிடுவீர்கள். கைப்பேசியைத் தொலைக்கிறீர்கள், சாவியைத் தொலைக்கிறீர்கள். ஆகவே உங்களைத் தவிர எல்லாரிடமும் கொடுத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறோம். ஒருவர் இறக்கலாம். அவர் வண்டி எங்கே பிரேக் பிடித்தது என்பது இறக்காது. மனிதகுலம் கேட்டுக்கொண்டிருந்த அமரத்துவம் இதுதான்."

கைதட்டல். டத்தோ கையை உயர்த்தினார்.

"இப்போது எங்கள் புதிய ஆம்ப்ளிஃபையர். குரலில் ஒரு தூசுகூடச் சிதையாது. கேளுங்கள், ஒரு சாதாரணக் குடும்பக் குரல்."

நீல விளக்குகள் ஒருசேர மின்னின.

"என்னங்க," என்றாள் குணவதி, மண்டபம் நிறைய. "மெதுவா லா."

பிரமிளா அப்பாவின் கையைப் பிடிக்கப் போனாள். அவர் கை அங்கே இல்லை. எழுந்து நின்றிருந்தார்.

காரில் கேட்காத ஒன்று இங்கே கேட்டது. சொல்லி முடித்ததும் அவள் சிரிப்பை அடக்கிக்கொள்கிறாள். மூக்கு வழியாகச் சின்ன மூச்சு. கடையில் கைப்பையால் வாயை மறைத்துக்கொண்டாளே, அந்தச் சிரிப்பு. அவ்வளவு நாள் அவரோடு காரில் வந்திருக்கிறது. அந்தச் சின்ன ஆம்ப்ளிஃபையருக்கு அதைச் சொல்ல வலு இல்லை.

மேடைக்குக் கீழே ஒரு கூடாரம். கைப்பேசி எண் கொடுத்தால் அந்தக் குரலை ஒருமுறை கேட்கலாம். சுப்பையா வரிசையில் நின்றார். கேட்டார். மறுபடி வரிசையில் நின்று பிரமிளாவின் எண்ணைக் கொடுத்தார். அடுத்து இக்மலின் எண். அதற்கடுத்து குணவதியின் எண்.

கூடாரத்துப் பெண் சிரித்தாள். "ரொம்பப் பிடிச்சிருச்சா அங்கிள்? இந்த மாடல் வாங்கப் போறீங்களா?"

"இந்த மாடல்தாம்மா எங்கிட்ட இருந்துச்சு," என்றார் சுப்பையா.

டத்தோ கூட்டத்துக்குள் இறங்கி வந்தபோது பிரமிளா வழிமறித்தாள்.

"டத்தோ, அது எங்க அம்மா."

"இருக்காதும்மா," என்றார் டத்தோ கனிவாக. "பேர் நீக்கிய பிறகுதான் பொதுவில் பயன்படுத்துகிறோம். பேர் நீக்கிய பிறகு அது யாருடைய அம்மாவும் இல்லை."

"எங்கப்பாவப் பாருங்க டத்தோ."

டத்தோ பார்த்தார். சுப்பையா வரிசையில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் எண் கேட்டுக்கொண்டிருந்தார். டத்தோவுக்கு என்னவோ செய்திருக்க வேண்டும்.

"விசாரணைக்கு ஏற்பாடு செய்கிறேன்," என்றார். "நியாயமான முறை ஒன்று இருக்கிறது."

விசாரணை பீச் ஸ்திரீட் அலுவலகத்தின் மேல்மாடியில் நடந்தது. உறுப்பினர் நிறுவனங்களின் ஆட்கள் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள், ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பொத்தான். மூலையில் கண்காட்சியிலிருந்து கொண்டுவந்த ஆம்ப்ளிஃபையரும் ஒலிபெருக்கியும். வெண்கல மணி தலைக்குமேல் தொங்கியது.

டத்தோ விளக்கினார். "என்னங்க என்பவர் பலர் என்பதை நேற்றுத்தான் கூட்டமைப்பு ஏகமனதாக ஒப்புக்கொண்டது. ஆகவே உங்கள் காரின் பதிவை மட்டும் தனியே பிரித்திருக்கிறோம். காருக்குள் ஒலிவாங்கி இருப்பது உங்களுக்குத் தெரியும்."

"தெரியாது," என்றார் சுப்பையா.

"அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். சோதனை சுலபம். அந்தக் குரல் உங்களைக் கூப்பிடும். நீங்கள் வழக்கம்போல் நடந்துகொண்டால் போதும். பழைய பதிவுகளோடு இயந்திரம் ஒப்பிடும். பொருந்தினால் குரல் உங்கள் காருக்கு இறங்கிவிடும். இரண்டு வாய்ப்பு. இரண்டும் தவறினால்..." அவர் காமினியைப் பார்த்தார்.

"மரியாதையோட மூடிடுவோம் அங்கிள்," என்றாள் காமினி தரையைப் பார்த்து. "அதுக்கப்புறம் யாரும் கேட்டாலும் கெடைக்காது."

"கோழிக்கடைகிட்ட?" என்றாள் பிரமிளா.

"அங்க இருக்கும். அழிக்க முடியாதில்ல அக்கா."

மேசையில் டத்தோவின் கைப்பேசி அதிர்ந்தது. பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார். மறுபடி அதிர்ந்தது. தொடவில்லை. மூன்றாவது முறை எடுத்துக் காதில் வைத்தார். "ம்," என்றார். "மீட்டிங்ல இருக்கேன்." வைத்துவிட்டார். "ஆரம்பிக்கலாம்."

நீல விளக்கு எரிந்தது.

"என்னங்க."

"குணா!" என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார் சுப்பையா. அந்தக் கூப்பாடு முடியக்கூட இல்லை.

இயந்திரம் யோசித்தது. திரையில் சிவப்பாக ஒரு கட்டம் வந்தது.

"பொருந்தவில்லை," என்றார் டத்தோ.

"எது பொருந்தல?" என்றாள் பிரமிளா. "அவரு குரலு அதேதானே?"

"குரல் சரி. நடத்தை பொருந்தவில்லை." டத்தோ திரையைப் படித்தார். படிக்கப் படிக்க அவர் குரல் தாழ்ந்தது. "உங்கள் காரில் அம்மையார் இருந்த காலம் முழுக்கப் பார்த்திருக்கிறது. அவர் கூப்பிடுகிறார். பதில் இல்லை. மறுபடி கூப்பிடுகிறார். பதில் இல்லை. மூன்றாவதுக்கு 'ம்' என்று ஒரு சத்தம். சில சமயம் அதுவும் இல்லை. முதல் அழைப்பில் பதில் சொன்ன பதிவு..." விரலால் திரையை நகர்த்தினார். நகர்த்திக்கொண்டே இருந்தார். "ஒன்றுகூட இல்லை. நீங்கள் உடனே பதில் சொல்கிறீர்கள். அப்படிப்பட்ட ஒருவர் அந்தக் காரில் இருந்ததே இல்லை."

மேசையைச் சுற்றி யாரும் யாரையும் பார்க்கவில்லை. பெட்ரோல்காரர் பேனாவை மூடினார். காப்புறுதிக்காரர் கைப்பேசியை எடுத்து, யாருக்கோ எதையோ எழுதப் போய், வைத்துவிட்டார்.

சுப்பையா மெல்ல உட்கார்ந்தார்.

"அவ்ளோ தடவ கூப்பிட்டிருக்காளா?" என்றார்.

"பதிவில் இருக்கிறது."

"ஒவ்வொரு தடவையும் எதுக்குக் கூப்பிட்டான்னு இருக்கா?"

டத்தோ தேடினார். "பெரும்பாலும் அதற்கப்புறம் எதுவும் சொல்லவில்லை. 'ஒண்ணுமில்ல, விடுங்க' என்று வருகிறது. இந்த வாக்கியம் நிறைய வருகிறது."

பிரமிளா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே ஃபெர்ரி ஒன்று பட்டர்வொர்த் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

டத்தோ இரண்டாவது வாய்ப்பை அறிவித்தார். அதற்கு முன்னால் தண்ணீர் குடிக்க இடைவேளை. இடைவேளைக்கும் பொத்தான் அழுத்தினார்கள். மணி அடித்தது.

காமினி சுப்பையாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்தாள். அவள் அப்படிச் செய்யக்கூடாது. யாரும் தடுக்கவில்லை.

"அங்கிள், கேளுங்க. ரெண்டு தடவ கூப்பிடும். பேசாம இருங்க. எங்கயாச்சும் பாத்துக்கிட்டு இருங்க. மூணாவதுக்கு 'ம்'னு மட்டும் சொல்லுங்க. அவ்ளோதான் அங்கிள். ஆன்ட்டி குரலு ஒங்க காடிக்கு வந்துரும்."

"எப்பவும் இருக்கற மாதிரி இருங்கப்பா," என்றாள் பிரமிளா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அம்மா கூப்பிட்டா எப்படி இருப்பீங்க? பேப்பர் படிப்பீங்கல்ல? அந்த மாதிரி."

"ம்," என்றார் சுப்பையா.

"அதான்! அதேதான்ப்பா."

காமினி எங்கிருந்தோ ஒரு பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தாள். சுப்பையா விரித்துப் பிடித்துக்கொண்டார். பத்திரிகை சலசலத்தது. டத்தோ அதை ஆட்சேபிக்கவில்லை. மாறாக, "விளையாட்டுப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்," என்றார் மெதுவாக. "அதில் கவனம் நிற்கும்."

நீல விளக்கு எரிந்தது. ஆம்ப்ளிஃபையர் லேசாக முனகியது.

"என்னங்க."

சுப்பையா பத்திரிகையைப் பார்த்தார். பற்களைக் கடித்தார். பிரமிளா அவர் முழங்காலை அழுத்திப் பிடித்திருந்தாள். காமினி இரண்டு விரலை உயர்த்திக் காட்டினாள். இன்னும் இரண்டு. கூப்பிட்டு முடித்து அவள் சிரிப்பை அடக்கிக்கொண்ட மூச்சு அறையில் இருந்தது. அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை. பதிலுக்குக் காத்திருக்கிற ஆளின் நிசப்தம். அதைப் பதிவிலிருந்து அப்படியே எடுத்திருந்தார்கள். அந்த ஆம்ப்ளிஃபையர் அதையும் சிதைக்கவில்லை. டயர் கம்பெனிக்காரர்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சுப்பையா பத்திரிகையை மடித்து மேசையில் வைத்தார்.

"சொல்லு குணா," என்றார். "இங்கதான் இருக்கேன். சொல்லு."

சிவப்புக் கட்டம் வந்தது. குரலை மரியாதையோடு மூட எல்லாரும் பொத்தானை அழுத்தினார்கள். கூட்டமைப்பு தொடங்கிய நாளிலிருந்து மணி ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் அடித்தது அன்றைக்குத்தான்.